ஒரு கேலனுக்குப் பதினேழு

ஈவ்லெத், மினசோட்டா
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

கைசா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். வீடும் அப்படியே இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நேராகப் பதில் வராது என்பதால், உங்கள் டீசல் கணக்கை வைத்துத்தான் நான் ஊகித்துக்கொள்கிறேன்.

டாசன் க்ரீக் தபால் நிலையத்தில் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி இதை அனுப்புகிறேன். பழைய பயணங்களில் அம்மாவுக்குச் சித்தியின் கடிதங்கள் இப்படித்தானே வரும். உங்கள் கைப்பேசி சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது. மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்று டென்னி மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க அப்பனா? டயர்ல காத்து ஒரு மூச்சு குறைஞ்சா வண்டிய ஓரங்கட்டுற ஆளு அவன். அவன் போய் போனை மறப்பானா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வீட்டுத் தொலைபேசியில் நீங்கள் விட்டுவைக்கும் செய்திகளைக் கேட்டேன். நான் நூலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அழைக்கிறீர்கள் என்று தெரியும்; அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. முதல் செய்தி: "வில்லிஸ்டன். ஒன்பது." அடுத்தது: "சாஸ்கட்டூன். பத்து." நேற்று வந்தது: "எட்மன்டன். பதினொண்ணு." ஊர்ப் பெயர், ஒரு கேலன் டீசலுக்கு வண்டி எத்தனை மைல் ஓடியது என்ற எண், பிறகு ரிசீவரை மாட்டும் சத்தம். அம்மாவை டுலூத் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போன நாட்களிலும் நீங்கள் வீடு திரும்பியதும் எண்ணைத்தான் சொல்வீர்கள். எண்ணைச் சொல்லும் குரலை வைத்து நான் மற்றதைத் தெரிந்துகொள்வேன்.

இப்போது குரல் நன்றாக இருக்கிறது. நல்ல விஷயம்தான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கேம்பர் கிளப்பின், பிக்கப் வண்டியின் முதுகில் வீட்டை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிற நம் ஆட்களின், கூட்டம் நடந்தது. உங்களுக்குப் பதிலாக என்னை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். எனக்குக் கூட்டம் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஏலக்காய் ரொட்டி ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் கைப்பக்குவம் வரவில்லை. நடுவில் வேகவில்லை. எல்லாரும் ஓரத்தை மட்டும் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்றார்கள்.

வழக்கம்போல அவரவர் கோடைப் பயணத்தின் மைலேஜைச் சொன்னார்கள். அந்த மன்றத்தில் எல்லாருமே ஒன்றைக் கூட்டித்தான் சொல்வார்கள், கேட்பவர்களும் ஒன்றைக் கழித்துத்தான் கேட்பார்கள், நீங்கள் ஒருவர்தான் உள்ளதைச் சொல்வீர்கள். அதனால் டென்னி மாமா பலகையில் "ராட் நியெமி: 10" என்று எழுதியபோது பெரிய ஆரவாரம். முதுகில் அத்தனை பெரிய வீட்டைத் தூக்கிக்கொண்டு, அதன்மேல் அம்மா ஏற்றிவைத்த அத்தனையையும் தூக்கிக்கொண்டு பத்து என்றால் சும்மாவா? நானும் கைதட்டினேன். பின்வரிசையில் ஒருவர் அம்மாவைக் குறிப்பிட்டு, "மார்லிஸ் இல்லேல்ல, வண்டி லேசாத்தான் ஓடும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் கைதட்டவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது உங்கள் இருவரின் பழைய சண்டைகள் நினைவுக்கு வந்தன. வெறும் பிக்கப்புக்குப் பதினேழு. வீட்டை ஏற்றினால் பன்னிரண்டு. அதற்கப்புறம் போனதெல்லாம் அம்மாவின் கணக்கு. கூரைமேல் குளிர்பெட்டி, தூண்டில்களுக்கு ஒரு பெரிய பெட்டி, பக்கவாட்டில் சுருட்டி விரிக்கிற நிழல்துணி, பின்னால் தாங்கியில் இரண்டு சைக்கிள்கள், ஜெனரேட்டர். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் புலம்புவீர்கள். "மார்லிஸ், இது அரை மைல் சாப்பிடும்." அம்மா, "சாப்பிட்டுட்டுப் போகட்டும், அதுக்கும் பசிக்கும்ல" என்பார். நீங்கள் ஏணியை எடுத்துக்கொண்டு வந்து அதை மாட்டுவீர்கள்.

என்னைக் காட்டியும் அம்மா சொல்வார். "நான் இந்த மனுஷன் வண்டியில ஏத்துன முதல் சுமை இவதான். இவ வந்தப்போ ஒரு மைல் முழுசாப் போச்சு. பத்து மைலுக்கு ஒருதரம் நிறுத்தணும், பால் குடுக்கணும், துணி மாத்தணும்." அப்போது நீங்கள், "ஒண்ணரை" என்று திருத்துவீர்கள். இதைச் சொல்லும்போதுதான் நீங்கள் பொதுவாகச் சிரிப்பீர்கள்.

எண் எப்படி ஏறுகிறது என்று டென்னி மாமாவிடம் கேட்டேன். மெதுவாக ஓட்டுகிறீர்கள் போல, பின்காற்று அடிக்கிறது போல என்று நானே காரணமும் சொன்னேன். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "மேற்க போறவனுக்கு அந்தச் சமவெளியில பின்காத்தா? மூஞ்சியிலதான் அடிக்கும். நான் எத்தனை தரம் போயிருக்கேன்" என்றார். மெதுவாக ஓட்டினால் எண் ஏறத்தான் செய்யும் என்று சமாதானமும் சொன்னார். அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை.

அப்பா, நீங்கள் புறப்பட்ட காலையில் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சாம்பல் இருந்த பெட்டியை முன்னிருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தீர்கள். நான் கீழே இறங்கி வந்திருக்கலாம். நீங்கள் தனியாக இருக்க விரும்புகிறீர்கள் என்று நினைத்தேன். நானும் அந்த மாதிரி ஆள்தானே.

நீங்கள் இருவரும் கல்யாணமான வருஷம் தங்கிய அந்த ஏரியில் சாம்பலைக் கரைத்துவிட்டு, பனி விழுவதற்கு முன் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். சொன்னால் செய்வீர்கள். சௌனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளந்து அடுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு அடுக்கத் தெரியவில்லை, ஒரு பக்கம் சரிகிறது. வந்து திட்டிவிட்டு நீங்களே சரிசெய்யுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். டப்பா மீனையே தின்றுகொண்டிருக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
கைசா


ஈவ்லெத்
செப்டம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

"கடிதம் கிடைச்சது. பன்னெண்டு" என்ற உங்கள் செய்தி கிடைத்தது. கடிதம் கிடைத்தது என்று சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்கு நன்றி. இதை வாட்சன் லேக்குக்கு அனுப்புகிறேன்.

இந்த முறை ஊர்ச்செய்தி அதிகமில்லை. இரவில் உறைபனி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏரியில் வாத்துகள் கூட்டம் சேர்கின்றன. நூலகத்தில் கொதிகலன் பழுது, எல்லாரும் கோட்டோடு உட்கார்ந்து வேலை செய்கிறோம்.

நான் எழுத வந்தது வேறு. செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வீட்டுக்கு அழைத்தாள். பெயர் ட்ரினா. ஃபோர்ட் நெல்சனுக்குப் பக்கத்தில், பயணிகள் வண்டியை நிறுத்தித் தங்கும் ஒரு முகாமில் இருக்கிறாளாம். கணவன், கைக்குழந்தை, பழைய வண்டி. அழைத்த உடனே மூச்சுவிடாமல் பேசினாள்: "மன்னிச்சுக்கோங்க, உங்க நம்பர் இந்தத் துணி ரோல் மேல ஒட்டியிருந்தது, அதான் கூப்பிட்டேன். ராட்னு ஒரு பெரியவர் எங்களுக்கு இதைச் சும்மாவே குடுத்துட்டுப் போயிட்டாரு. விரிக்க வருது, சுருட்ட வரமாட்டேங்குது. என் வீட்டுக்காரரு மேல ஏறி நின்னுக்கிட்டு ஆகாத வார்த்தையெல்லாம் சொல்றாரு. எப்படிச் சுருட்டுறது?"

எல்லாப் பொருளின் மேலும் நம் வீட்டு எண்ணை எழுதி ஒட்டுவது அம்மாவின் வழக்கம். தொலைந்துபோனால் யாராவது கூப்பிடுவார்கள் என்று. கூப்பிட்டார்கள், அம்மா.

இடதுபக்கக் கொக்கியைத் திருப்பிவிட்டுச் சுருட்டச் சொன்னேன். பின்னால் அவள் கணவன் "ஆங், இப்பதான் ஒழுங்கா வருது" என்று கத்துவது கேட்டது. பிறகு ட்ரினா உங்களைப் பற்றிச் சொன்னாள். உங்களை மாதிரி ஒரு மனிதரைப் பார்த்ததே இல்லையாம். நிழல்துணியைத் தந்தீர்கள். சைக்கிள்களை அந்த முகாமின் காவலரிடம் தந்தீர்கள். கூரைப்பெட்டியை வழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஜெனரேட்டரைப் பக்கத்து வண்டிக்காரருக்கு. மைலேஜ் ஏறுகிறது பாருங்கள் என்று சந்தோஷமாகச் சொன்னீர்களாம். அங்கிருந்தவர்கள் எல்லாரும் உங்கள் கையைக் குலுக்கினார்களாம். எங்கேயும் நம் ஆட்கள்தானே. எண் ஏறினால் கையைக் குலுக்குவார்கள். எப்படி ஏறியது என்று கேட்கமாட்டார்கள். நானும் அப்படித்தான் கைதட்டினேன்.

அதையெல்லாம் கேட்டு நான் பயப்படவில்லை. அம்மாவின் பொருட்களைத் தினமும் பார்ப்பது உங்களுக்குக் கஷ்டம் என்பது புரிகிறது. நானும் அவருடைய கோட்டைப் பரணில் போட்டுவிட்டேன். கூரைப்பெட்டியையும் துணியையும் எடுத்தால் காற்று குறைவாகத் தடுக்கும், எண் ஏறும். எல்லாம் சரி.

ஆனால் ட்ரினா வைக்கும்போது சொன்னாள்: "ஹீட்டரையும் எடுத்துக்கோங்கன்னாரு. நாங்கதான் வேண்டாம்னுட்டோம். வடக்க போறீங்க, குளிரு வருது, உங்களுக்கு வேணுமேன்னு சொன்னோம். எனக்கு வேண்டாம்மா, உன் குழந்தைக்கு ஆகும்னாரு. தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன் என்று நானும் சொன்னேன். போனை வைத்த பிறகு நெடுநேரம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஹீட்டர் என்ன எடை இருக்கும்? ஒரு பூனையின் எடை. உள்ளே சுவரில் இருக்கிறது, காற்றையும் தடுப்பதில்லை. அதை எடுத்தால் எண் ஏறாது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

பனிக்கண்டங்களுக்குப் போனவர்களின் நாட்குறிப்புகளை நான் விரும்பிப் படிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். "இந்தப் பொண்ணு கதகதப்பா உக்காந்துக்கிட்டு அடுத்தவன் குளிர்ல நடுங்குறதைப் படிக்கிறா" என்று அம்மா கிண்டல் செய்வார். அந்தப் புத்தகங்களில் பின்னால் தேடிப்போகிறவர்கள் பனியில் முதலில் பார்ப்பது மனிதர்களை அல்ல. பொருட்களை. சறுக்குவண்டியை லேசாக்குவதற்காக எறிந்துகொண்டே போயிருப்பார்கள்: புத்தகப்பெட்டி, வெள்ளிக் கரண்டி, இசைப்பெட்டி. அவற்றைப் பார்க்கும்போது தேடுகிறவர்களுக்கு நம்பிக்கை போகாது. வேகமாகப் போகத்தான் எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுப்பைப் பார்க்கும்போதுதான் நின்றுவிடுவார்கள். திரும்பி வர நினைக்கிறவர்கள் அடுப்பை விடமாட்டார்கள்.

நான் அதிகம் படிக்கிறேன், அதனால் அதிகம் நினைக்கிறேன். அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், எண்கூட வேண்டாம். ஹீட்டர் உங்களிடம் இருக்கிறதா?

டென்னி மாமாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. அவர் நேற்று வந்து நம் விறகைச் சரியாக அடுக்கிவிட்டுப் போனார். "உங்க அப்பன் வர்றதுக்குள்ள நானே அடுக்கிடறேன், இல்லாட்டி வந்து என்னைத்தான் வைவான்" என்றார். போகும்போது, அடுத்த முறை நீங்கள் எண் சொன்னால் உடனே தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பலகையில் எழுதுவதற்கா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நான் இருக்கும் நேரத்தில் ஒரு தடவையாவது அழையுங்கள். பேச வேண்டாம். நீங்கள் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

உங்கள் மகள்,
கைசா


ஈவ்லெத்
அக்டோபர் 6

அப்பா,

இது தபாலில் வரவில்லை. நான் இங்கே தட்டச்சு செய்து அனுப்ப, வில்லோ ஃபோர்க் விடுதியின் ஓடெட் அம்மாள் அச்செடுத்து, மழை படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, டீசல் பம்பின் குழாயில் கட்டியிருக்கிறார். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அங்கே நின்றிருக்கிறீர்கள். நின்றதற்கு நன்றி. தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

இன்று மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது தொலைபேசியின் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. உங்கள் செய்தி. "வாட்சன் லேக். கடிதம் கிடைச்சது. பதினேழு." எப்போதும் அதோடு வைத்துவிடுவீர்கள். இன்று வைக்கவில்லை. காற்றின் சத்தம் கேட்டது. ஒரு லாரி போனது. பிறகு, "அன்னிக்கு மாதிரியே" என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு இளமையாக நான் கேட்டதே இல்லை.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் பதினேழு என்றீர்கள்.

டென்னி மாமாவை அழைத்துச் சொன்னேன். அவர் ஒன்றைக் கழிக்கவில்லை. "பதினேழா? பதினேழுன்னா சொன்னான்? அது வெறும் வண்டிம்மா. மேல வீடே கிடையாது" என்றார். பிறகு, "நான் வர்றேன், நீ கோட்டை எடுத்து வை" என்று வைத்துவிட்டார்.

வழியில் இருந்த முகாம்களுக்கு எல்லாம் அழைத்தேன். வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் முகாமில் ஒருவர் ஆமாம் என்றார். "இங்கதாங்க நிக்குது உங்க வீடு, நாலு காலையும் இறக்கிவிட்டு, அடியில இருந்து வண்டிய உருவிட்டுப் போயிட்டாரு. கொஞ்ச நாள் பாத்துக்கோங்கன்னாரு. பூட்டக்கூட இல்ல." உள்ளே போய்ப் பார்க்க முடியுமா என்று கெஞ்சினேன். தொலைபேசியை எடுத்துக்கொண்டே போனார். கட்டில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் போடப்பட்டிருக்கிறதாம். தட்டுகள் கழுவிக் கவிழ்த்து இருக்கின்றனவாம். ஹீட்டர் சுவரிலேயே இருக்கிறதாம். அதனால் பதில் கிடைத்துவிட்டது, அப்பா. ஹீட்டர் உங்களிடம் இல்லை. அங்கே நேற்று பனி பெய்திருக்கிறது. நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள்?

கல்யாணமான வருஷம் நீங்கள் இருவரும் இதே சாலையில் வெறும் பிக்கப்பில் போனதை அம்மா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். பின்தொட்டியில் மெத்தை, மேலே தார்ப்பாய். அந்தப் பழைய வண்டியும் பதினேழுதான் கொடுத்தது. அந்த எண்ணுக்குத்தான் நீங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள். இத்தனை நாளும் எண் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

சாலைப் படத்தை விரித்துக் கணக்குப் போட்டேன். கணக்கில் நான் உங்கள் மகள். வீட்டோடும் சுமையோடும் ஒன்பது என்றால் ஏரிக்குப் போக நினைக்கிற எவரும் வழியில் கடைசியாக இருக்கும் வில்லோ ஃபோர்க் பம்பில் நிற்காமல் போகமாட்டார்கள். பதினேழு என்றால் நிற்கவே வேண்டாம். ஒரு தொட்டி டீசலில் நேராக ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பி வரத்தான் போதாது.

போலீசுக்குச் சொன்னோம். அன்பாகத்தான் கேட்டார்கள். அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு வண்டிதானாம், அது இப்போது வேறு திசையில் இருக்கிறதாம். திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள்.

பிறகுதான் விடுதிக்கு அழைத்தேன். ஓடெட் அம்மாள் முதலில் சிரித்தார். "ஏம்மா, என் பம்பைத் தாண்டி இந்த ரோட்டுல எவன் போவான்? போனா வர்றதுக்கு எண்ணெய் வேணுமே." சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. அப்புறம், "நில்லு, அந்தப் பழைய ட்ராக்டரை ரோட்டுக்குக் குறுக்க போட்டுர்றேன். உங்க அப்பா வந்து என்னை ஏசட்டும். ஏசுறதுக்காவது இறங்கணும்ல" என்றார். ஆகவே இப்போது நீங்கள் அவர்மேல் கோபமாக இருப்பீர்கள். கோபத்தை என்னிடம் காட்டுங்கள். நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அப்பா, உங்களிடம் இப்படியெல்லாம் நான் பேசியதில்லை. நாம் இருவரும் பேசாமலே இருந்துவிட்டோம். இடையில் அம்மா இருந்தார், இரண்டு பக்கமும் அவரே பேசினார், நமக்கு வசதியாக இருந்தது. அவர் போன பிறகு இந்த வீட்டில் நீங்கள் கீழேயும் நான் மேலேயும் இருந்தோம். நீங்கள் படியேறி வருவீர்கள் என்று நான் காத்திருந்தேன். நான் இறங்கி வருவேன் என்று நீங்கள் காத்திருந்தீர்களோ என்னவோ.

பதினேழுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று உங்களுக்கு இருக்கிறது. எனக்குப் புரிகிறது. அந்தப் பயணத்தில் அம்மாவுக்கு வலி கிடையாது, டுலூத் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பயணத்தில் நானும் கிடையாது. அம்மா ஏற்றிய முதல் சுமை நான். ஒன்றரை மைல் என்று நீங்கள்தானே திருத்துவீர்கள்? மற்றதையெல்லாம் வழியில் கொடுத்துவிட்டு வந்தீர்கள், சரி. என்னை எந்த முகாமில், யாரிடம் கொடுப்பீர்கள்? எனக்குக் கொக்கியும் இல்லை, திருகாணியும் இல்லை.

இன்னும் ஒன்று. முகாம்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். அடுப்புக்குமேல் ஒரு கொக்கி இருக்கும், அதில் ஒரு நீல எனாமல் காப்பிப் பாத்திரம் தொங்கும், பாருங்கள் என்று. "கொக்கி இருக்கு, பாத்திரம் இல்லீங்க" என்றார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் என்னால் உட்கார்ந்து இதை எழுத முடிந்தது.

வில்லோ ஃபோர்க்கைப் பற்றி அம்மா சொன்ன கதை உங்களுக்கு நினைவிருக்கும். தொட்டி பாதிக்குமேல் இருக்கிறது, நிறுத்த வேண்டியதில்லை, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் மிதித்துக்கொண்டே போனீர்கள். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். "உன் வண்டிக்கு வேண்டாம்யா, எனக்குக் காப்பி வேணும்!" நிறுத்தினீர்கள். ஓடெட் அம்மாளின் தாயார்தான் அப்போது கடையில் இருந்தார். அங்கே இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இந்த நீலப் பாத்திரத்தை அம்மா அங்கேதான் வாங்கினார். அதற்காக ஏரி போய்ச் சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்களாம், இது எத்தனை மைல் சாப்பிடுமோ என்று. பதினேழு கொடுத்த அந்தப் பயணத்திலும் நீங்கள் நின்றீர்கள், அப்பா. டீசலுக்காக நிற்கவில்லை.

டென்னி மாமா வாசலில் ஹாரன் அடிக்கிறார். நாளை மாலைக்குள் விமானத்தில் வைட்ஹார்ஸ் வந்து இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்து வந்துவிடுவோம். ஓடெட் அம்மாள் உங்களுக்கு அறை சூடேற்றி வைத்திருக்கிறார். அம்மாவையும் உள்ளே கொண்டுபோங்கள், வண்டியில் குளிரில் விட்டுவிடாதீர்கள். ஏரிக்கு மூன்று பேருமாகப் போவோம். முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம். டென்னி மாமா ஏறினாலே ஒரு மைல் போய்விடும், நான் பழையபடி ஒன்றரை சாப்பிடுவேன். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வாருங்கள். திரும்பும்போது வீட்டை மறுபடி தூக்கி முதுகில் வைத்துக்கொள்வோம். வீடு வந்து சேரும்போது எண் ஒன்பதுக்கும் கீழே போயிருக்கட்டும். பலகையில் அதை நானே எழுதுகிறேன்.

ஹீட்டர் அங்கே இருக்கிறது. வீடு அங்கே இருக்கிறது. நான் வந்துகொண்டிருக்கிறேன். அதுவரை வண்டிக்கு எதுவும் வேண்டாம் என்றாலும் நில்லுங்கள். எனக்குக் காப்பி வேண்டும், அப்பா. எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வையுங்கள்.

உங்கள்
கைசா